பாசி எடுக்க எந்த கிளவுஸ்? நைட்ரில் பூச்சு கையுறை: ஒரு மதிப்பீடு

மண்டபம், பாம்பன், ஏர்வாடிப் பக்கம் மரிக்கொழுந்துப் பாசி (பாறையில் வளரும் ஒருவகைக் கடற்பாசி) எடுக்கும் பெண்கள் பலர் இன்னும் விரலில் துணிக்கிழிசலைச் சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாகின. இரும்புச் சுரண்டி வேண்டாம், கையால்தான் எடுப்போம், மாதம் 12 நாள் போதும் என்ற கட்டுப்பாட்டைப் பெண்களும் ஏற்றுக்கொண்டார்கள். பவளத்துக்கு நல்லதுதான். அதற்கான செலவு மட்டும் அவர்கள் விரலிலிருந்து போகிறது.

துணி நனைந்ததும் நழுவும். உப்புநீர் அடியில் தங்கித் தோல் ஊறிப் புண்ணாகும். கையுறை தானம் கொடுப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது பாத்திரம் கழுவும் நீளமான ரப்பர் உறை. அதை வாங்கவே வேண்டாம். மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் புகுந்து பை மாதிரி உப்பும். பாறை விளிம்பில் பட்டால் உடனே கிழியும்.

ஹார்டுவேர் கடையில் விற்கும் நைட்ரில் (செயற்கை ரப்பர்) பூச்சு கிளவுஸ்தான் தேறுகிறது. உள்ளங்கையிலும் விரலிலும் மட்டும் பூச்சு. புறங்கை நைலான் பின்னல் என்பதால் தண்ணீர் வடிந்துவிடும். மெல்லிய பின்னலாகப் பார்த்து எடுக்க வேண்டும். புறங்கை உட்பட முழுக்கப் பூச்சில் முக்கியெடுத்த ரகம் இதற்கு ஒத்துவராது.

சிக்கல் அளவில்தான். கடைகளில் அடுக்கியிருப்பது பெரும்பாலும் ஆண் கைக்கான 9, 10. கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி டேப்பால் அளந்தால் வரும் அங்குலமே கையுறையின் அளவு. 7 அங்குலம் என்றால் 7ஆம் எண். பெரிதாகப் போட்டால் விரல் நுனி மடங்கும். மடங்கினால் பாசியின் அடி எங்கே, பாறை எங்கே என்று விரலுக்குத் தெரியாது. நுனியைக் கிள்ளி அடியை விட்டால்தான் மறுபடி தழைக்கும். தடவல் தெரியாத கை அடியோடு, சிலசமயம் பவளத் துண்டோடு பிடுங்கிவிடும். ஆக, அளவு தப்பிய கிளவுஸ் பாறைக்கும் கேடு.

சொறிமீன் (ஜெல்லி மீன்) படுவதை ஓரளவு தடுக்கும், அதுவும் பூச்சு உள்ள இடத்தில் மட்டும். விஷமுள் மீனுக்கு இது தடையே இல்லை. கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். உப்போடு காயவிட்டால் விறைத்துப் பூச்சு வெடிக்கும். குடிக்கவே விலைக்குத் தண்ணீர் வாங்கும் ஊரில் இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம்தான். ஒரு குடம் தண்ணீரில் பத்துப்பேர் கிளவுஸை முக்கி எடுத்தாலே போதும்.

ஜோடி நூறு ரூபாய்க்குள் முடியும். ஆனாலும் பாறையில் தேய்வதால் அடிக்கடி மாற்றியாக வேண்டும். தினக்கூலி மாதிரி வருமானத்தில் அது பெரிய தொகை. பூங்காப் பாதுகாப்புப் பணத்தில்தான் இதை வாங்கித் தர வேண்டும். வாங்கும்போது ஆர்டரில் 7, 8 எண் என்று எழுதிவிடுங்கள்.