புதுக் கம்ப்யூட்டரில் பழைய பேஜ்மேக்கர் 7.0: நாலு மாதம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

போன ஆடி மாதம் எங்கள் கடையின் பழைய கம்ப்யூட்டர் நின்றுபோனது. மதர்போர்டில் நாலு கெப்பாசிட்டர் உப்பிப் போயிருந்தன. ஹார்டு டிஸ்க் நன்றாக இருந்ததால் கோப்புகள் எல்லாம் தப்பின. ஆனால் அவற்றைத் திறக்கிற பேஜ்மேக்கர் (பத்திரிகை, நோட்டீஸ் பக்கங்களை அமைக்கிற அடோபி மென்பொருள்) அந்த மெஷினோடு போய்விட்டது. மூன்றாம் நாள் காலையில் பக்கத்துக் கிராமத்து மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா மஞ்சள் பையோடு வந்து நின்றார். பைக்குள் 2013-ல் நான் அடித்துக் கொடுத்த கும்பாபிஷேகப் பத்திரிகை. மடிப்பில் கிழிந்ததற்கு டேப் ஒட்டி வைத்திருந்தார்.

"பன்னெண்டு வருஷம் ஆயிடுச்சும்மா. ஆவணியில திரும்ப வெச்சிருக்கோம். அதே எழுத்து, அதே கட்டம். தேதியும் பேரும் மட்டும் மாத்திக் குடுத்துடு."

கும்பகோணத்தில் டி.டி.பி. கடை (கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்துக் கொடுக்கிற கடை) வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. கும்பாபிஷேகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, மகாமகமும் அப்படித்தான். 2004 மகாமகத்துக்கு அடித்த அன்னதான நோட்டீஸை 2016-ல் திறந்து தேதி மாற்றிக் கொடுத்திருக்கிறேன். 2028-க்கும் அதே ஆட்கள் வருவார்கள். "பழைய சாஃப்ட்வேரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசுக்கு மாறுங்கள்" என்று சொல்பவர்களுக்கு என் பதில் அந்த மஞ்சள் பைதான்.

என்னிடம் இருப்பது ஒரிஜினல் பேஜ்மேக்கர் 7.0. 2003-ல் பி.எம்.ஆர்.ஒய். என்ற பிரதமரின் சுயவேலைத் திட்டக் கடனில் கடை ஆரம்பித்தேன். அப்போது வங்கியில் கையில் பணமாகத் தரமாட்டார்கள். கொட்டேஷன் கொடுத்தால் சப்ளையர் பெயருக்கு டி.டி. எடுப்பார்கள், பில் காட்ட வேண்டும். அதனால் பெட்டி, சிடி, சீரியல் நம்பர் ஒட்டிய உறை என எல்லாமே முறையாக வாங்கினேன். அன்றைக்கு அது எனக்குப் பெரிய பணம், ஐந்து வருஷம் தவணை கட்டினேன். அந்த உறையை இன்றைக்கும் பீரோவில் பத்திரம் வைக்கிற தட்டில்தான் வைத்திருக்கிறேன்.

புதுக் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11. முதலில் கூப்பிட்ட சர்வீஸ்காரர் ஒரிஜினல் சிடியைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் இதுல ஓடாது. என்கிட்ட ரெடியா ஒரு காப்பி இருக்கு, ஐநூறு ரூபாய் குடுங்க" என்று பென் டிரைவைச் செருகினார். அடுத்த நிமிஷம் விண்டோஸ் வைரஸ் எச்சரிக்கை காட்டியது. அதை அணைத்துவிட்டுப் போட்டுத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். காசு கொடுத்து வாங்கிய பொருள் பீரோவில் இருக்கும்போது திருட்டுக் காப்பியை எதற்குப் போட வேண்டும்?

இரண்டாவதாக வந்தது என் மகளோடு பாலிடெக்னிக்கில் படித்த தம்பி. அவன் உட்கார்ந்து வேலை செய்த விதத்தைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதே நிலைமையில் தவிக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

புது மெஷினில் சிடி டிரைவ் கிடையாது. 1,400 ரூபாய்க்கு யு.எஸ்.பி.யில் மாட்டுகிற டிவிடி டிரைவ் வாங்கினோம். சிடியில் கீறல். நேரே இன்ஸ்டால் செய்யாமல் முதலில் முழுச் சிடியையும் ஒரே ஐ.எஸ்.ஓ. கோப்பாகப் பிரதி எடுத்தான். இரண்டு இடத்தில் திக்கித் திணறி, முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. அந்தக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் விண்டோஸ் 11 அதையே ஒரு சிடி மாதிரி திறந்துவிடுகிறது. இனி அந்தச் சிடி உடைந்தாலும் கவலை இல்லை.

அப்புறம் செட்டப். பேஜ்மேக்கர் 7.0 வெளிவந்தது 2001-ல், விண்டோஸ் எக்ஸ்.பி. வந்த அதே வருஷம். அது 32 பிட் புரோகிராம், விண்டோஸ் 11 64 பிட். பிட் என்பது கம்ப்யூட்டர் ஒரே வீச்சில் கையாளுகிற தகவலின் அளவு; 16, 32, 64 என்று வளர்ந்து வந்தது. 32 பிட் புரோகிராமை 64 பிட் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும், 16 பிட்டைத் தொடவே தொடாது. பழசு ஓடுமா ஓடாதா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது. செட்டப் கோப்பை வலது கிளிக் செய்து, பழைய விண்டோஸ் மாதிரி நடிக்கச் சொல்கிற காம்பாட்டிபிளிட்டி பக்கத்தில் எக்ஸ்.பி. என்று தேர்ந்து, அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினான். எங்கே நிறுவுவது என்று கேட்டபோது 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்று தானாக வந்ததை அழித்துவிட்டு சி டிரைவில் பி.எம்.7 என்று தனி ஃபோல்டர் கொடுத்தான்.

"ஏன் தம்பி?"

"பழைய புரோகிராம் தன்னோட செட்டிங்கைத் தன் ஃபோல்டருக்குள்ளயே எழுதும் அக்கா. புரோகிராம் ஃபைல்ஸ்ல எழுத இப்ப விண்டோஸ் விடாது."

சீரியல் நம்பரை நான்தான் வாசித்தேன், அவன் அடித்தான். ஏற்றுக்கொண்டது. இந்தப் பதிப்பின் பெரிய நல்ல விஷயம் இதுதான். இணையத்தில் போய் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அப்படிக் கேட்கிற பழைய மென்பொருளாக இருந்து, பதில் சொல்ல வேண்டிய சர்வரை நிறுத்தியிருந்தால் கையில் நம்பர் இருந்தும் பயனில்லாமல் போயிருக்கும். பழைய மெஷின் ஓடவில்லை, அந்த டிஸ்கிலிருந்தும் பேஜ்மேக்கரை நீக்கிவிட்டேன். ஒரு லைசென்ஸ், ஒரு கம்ப்யூட்டர்.

சரி, திறந்தாச்சு என்று கும்பாபிஷேகக் கோப்பைத் தட்டினால் பேனோஸ் ஃபாண்ட் மேட்சிங் என்று ஒரு பெட்டி வந்து, இல்லாத ஃபாண்ட்களின் பட்டியலைக் காட்டியது. அங்கே ஓகே கொடுக்கக்கூடாது. கொடுத்தால் வேறு ஃபாண்டைப் போட்டுத் திறக்கும், பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் புள்ளியும் குறியுமாக நிற்கும்.

என் பழைய வேலையெல்லாம் டேம் (TAM) என்ற குறியேற்றத்தில், அதாவது எந்த எண்ணுக்கு எந்தத் தமிழ் எழுத்து என்கிற பட்டியலின்படி, இருக்கிறது. 1999-ல் தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு ஏற்றுக்கொண்ட இரண்டில் ஒன்று அது, இன்னொன்று டேப் (TAB). 2010-ல் அரசு உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யுனிகோடு குறியேற்றத்துக்கு மாறிவிட்டது. பேஜ்மேக்கருக்கு யுனிகோடு தெரியாது. டேமில் 'க' என்று நாம் பார்ப்பது கம்ப்யூட்டருக்கு வேறு ஏதோ ஓர் எழுத்து, ஃபாண்ட்தான் அதற்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. ஃபாண்ட் போனால் தமிழே போய்விடும்.

பழைய டிஸ்கிலிருந்து ஃபாண்ட்களை எடுத்து இன்ஸ்டால் செய்தோம். வேர்டில் தெரிந்தன, பேஜ்மேக்கரில் தெரியவில்லை. ஒரு மணி நேரம் இதிலேயே போனது. கடைசியில் தம்பி கண்டுபிடித்தான். இப்போதைய விண்டோஸில் ஃபாண்டைச் சும்மா இன்ஸ்டால் செய்தால் அந்தப் பயனருக்கு மட்டும் என்று வேறொரு மூலையில் போய் உட்காருகிறது. பழைய புரோகிராம்கள் அங்கே தேடுவதில்லை. வலது கிளிக்கில் 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' என்று இருக்கிறது, அதைக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டுத் திறந்தோம். கோபுரம், கலசம், யாகசாலைக் காலங்கள் எழுதிய கட்டம் என எல்லாம் 2013-ல் விட்ட இடத்தில் அப்படியே வந்து நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தோற்ற இடம் ஒன்றும் உண்டு. டைப் அடிக்க நான் வைத்திருந்த தமிழ் மென்பொருளுக்கு ஹார்டுவேர் லாக் உண்டு. அதை மாட்டியிருந்தால்தான் மென்பொருள் ஓடும், பழைய பிரிண்டர் போர்ட்டில் மாட்டுவது. புது மெஷினில் அந்தப் போர்ட்டே கிடையாது. யு.எஸ்.பி. மாற்றி வாங்கி மாட்டினோம். அது பிரிண்டருக்குத்தான், லாக்கை அடையாளம் காணவில்லை. பெட்டியில் இருந்த போன் நம்பரும் உபயோகத்தில் இல்லை. அதுவும் நான் காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ்தான், ஆனால் இப்போது கையில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதை நினைத்தால் இன்னமும் வருத்தமாக இருக்கிறது. இப்போது இலவசமாகக் கிடைக்கும் என்.எச்.எம். ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் டைப்ரைட்டர் பலகையை வைத்து டேமில் அடிக்கிறேன். நான் டைப்ரைட்டிங் ஹையர் படித்தவள், விரல் இரண்டே நாளில் பழகிவிட்டது.

அச்சுக்கு அனுப்புவதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பேஜ்மேக்கர், பக்கத்தைப் பிரிண்டருக்கு விவரிக்கிற போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மொழியை நம்பிப் பிறந்தது. விண்டோஸோடு வரும் 'பிரிண்ட் டு பி.டி.எஃப்.' கொடுத்தால் எழுத்து சுத்தமாக வரும், ஆனால் அந்த மொழியிலேயே எழுதப்பட்ட இ.பி.எஸ். படங்கள் முன்னோட்டப் படமாக மட்டும் போகும். கோபுரத்தின் விளிம்பு படிக்கட்டு மாதிரி வந்தது. திரையில் பார்த்தபோது தெரியவில்லை, ஒளி ஊடுருவும் பட்டர் பேப்பரில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் கண்டேன். போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர் டிரைவர் ஒன்றைச் சேர்த்து, கோப்பாக அச்சிட்டு, கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளில் பி.டி.எஃப். ஆக்கினால் கோடு கத்தி மாதிரி வருகிறது. இரண்டு படி கூடுதல் வேலைதான், பழகிவிட்டால் ஒரு நிமிஷம்.

நாலு மாதத்தில் எப்படி ஓடுகிறது? நன்றாகவே ஓடுகிறது. வாரத்துக்கு ஒரு தடவை மூடிக்கொள்ளும், அதனால் கை தானாக சேவ் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. புது மானிட்டரில் கருவிப் பட்டை எறும்பு மாதிரி தெரிந்தது, ஹை டி.பி.ஐ. அமைப்பை மாற்றியதும் சரியானது. அன்டூ, அதாவது செய்ததைத் திரும்ப எடுப்பது, ஒரே ஒரு படிதான், அது அன்றும் அப்படித்தான். முந்தைய பதிப்பான 6.5-ல் செய்த கோப்புகளும் திறக்கின்றன, பெயரில்லாத புதுக் கோப்பாகத் திறக்கும், சேவ் செய்துகொள்ள வேண்டும்.

பேஜ்மேக்கருக்குப் பதிலாக அடோபி கொண்டுவந்த இன்டிசைனுக்கு மாறலாமே என்று மகள் கேட்டாள். சி.எஸ்.6 வரைக்கும் வந்த இன்டிசைன்தான் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும், அதற்குப் பிறகு வந்தவை திறக்காது. மாதச் சந்தா வேறு. பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும் என்று சொன்ன ஒரு இலவச மென்பொருளிலும் பார்த்தோம், கட்டம் ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் போய்விட்டது. புதிதாக வருகிற வேலைகளை யுனிகோடில்தான் செய்கிறேன், அதைத்தான் எல்லாருக்கும் சொல்வேன். பழைய கோப்பு உங்களிடம் இல்லையென்றால் இத்தனை பாடு தேவையே இல்லை. இருக்கிறதென்றால் சிடி, சீரியல் நம்பர், ஃபாண்ட் மூன்றையும் மெஷின் நன்றாக இருக்கும்போதே பிரதி எடுத்து வையுங்கள். செலவு எனக்கு டிவிடி டிரைவ் 1,400, தம்பிக்கு 800. அவன் வாங்க மறுத்தான், சட்டைப்பையில் வைத்து அனுப்பினேன்.

அந்தக் கும்பாபிஷேகக் கோப்பு திறந்த மறுநாள் சாயங்காலம் தர்மகர்த்தா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உபயதாரர் பட்டியலைத் திரையில் ஒவ்வொரு பெயராக நகர்த்தினேன். ஒன்பது பேருக்கு முன்னால் 'அமரர்' போடச் சொன்னார். பத்தாவது பெயர் வந்தபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அது அவருடைய தம்பி. "அதுக்கும் போட்டுடும்மா" என்றார். போட்டேன். வரி ஓர் எழுத்து நீண்டு கட்டத்தைத் தொட்டது. ஃபாண்ட் அளவை 12-லிருந்து 11.5 ஆக்கியதும் உள்ளே அடங்கியது.