நாதுலா பெர்மிட் என்று சொல்லி 18,500 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள்: கேங்டாக் போகிறவர்கள் கவனிக்கவும்

நேற்று நடந்தது. இரவு முழுக்கத் தூக்கமில்லை. சிக்கிம் போகும் எண்ணத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

சிக்கிம் தலைநகர் கேங்டாக்கின் கடைவீதியான எம்.ஜி. மார்க்கை ஒட்டிய சந்தில் ஒரு சிறிய சுற்றுலா ஏற்பாட்டுக் கடை. சாங்கு ஏரி, பாபா மந்திர் கோயில், சீன எல்லையில் இருக்கும் நாதுலா கணவாய் மூன்றையும் காட்ட, நால்வருக்குத் தனி வண்டி, பெர்மிட் (அங்கே போவதற்கான அனுமதிச் சீட்டு), மதியச் சாப்பாடு உட்பட 18,500 ரூபாய் என்றார் கடைக்காரர். அதிகமாகத்தான் பட்டது. ஆனால் அம்மாவுக்கு நாதுலாவைப் பார்த்தே ஆக வேண்டும். என் தாய்மாமா எண்பதுகளில் அங்கே பனியில் காவல் நின்றவர். இப்போது அவர் இல்லை. அம்மா இதைச் சொன்னதும் அந்த ஆள் எழுந்து நின்று கைகூப்பினார். "மாதாஜி, பட்டாளத்துக் குடும்பம் நீங்கள், உங்களை அனுப்பிவைப்பது என் பொறுப்பு" என்றார். தேநீர் வரவழைத்தார். அந்த ஒரு கும்பிட்டை நம்பித்தான் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தேன். ரசீது கேட்டபோது விசிட்டிங் கார்டின் பின்பக்கம் "18,500" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எதற்கான பணம் என்று ஒரு வார்த்தை இல்லை.

காலையில் வந்த வண்டியில் ஏற்கெனவே ஐந்து பேர் இருந்தார்கள். சோதனைச் சாவடியில் காவலர் பெர்மிட் தாளைப் புரட்டிவிட்டு, "இது சாங்கு வரைக்கும்தான். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நாதுலாவுக்கு யாரையும் விடுவதில்லையே" என்றார். நேற்று செவ்வாய்க்கிழமை. எனக்குத் தெரியாது, சரி. அங்கேயே கடை வைத்துப் பிழைப்பவருக்குமா தெரியாது?

ஏரி அழகுதான். 12,313 அடி உயரம், கரையோரம் உருகாத பனி, கொம்புக்குச் சிவப்புக் கம்பளி உறை மாட்டிய யாக்குகள். அம்மா எதையும் பார்க்கவில்லை. வண்டி நின்ற இடத்திலேயே நின்று, மேலே ஏறிப்போகும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பதாவது நிமிடம் ஓட்டுநர் ஹாரன் அடித்துவிட்டார்.

திரும்பி வந்து கடைக்குப் போனால், "முதலாளி சிலிகுரி போயிருக்கிறார்" என்றான் அங்கிருந்த பையன். தொலைபேசியில் பிடித்தேன். முதலில் "மேலே பனி விழுந்து பாதை அடைத்துவிட்டது" என்றார். ஏரிக்கரையில் வெயில் அடித்ததை என் கண்ணால் பார்த்தேன் என்றதும், "பெர்மிட் பணம் அரசாங்கத்துக்குப் போய்விட்டது" என்றார். பிறகு, ரும்டெக் மடத்துக்கு இலவசமாக வண்டி அனுப்புகிறாராம்! என் 18,500 ரூபாயைக் கேட்டேன். இணைப்பைத் துண்டித்தார். அதன்பின் எடுக்கவே இல்லை.

இன்று புதன்கிழமை, நாதுலா திறந்திருக்கும். எங்களுக்கு இன்றே பாக்டோக்ராவில் விமானம்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், வண்டி வந்துவிட்டது. நாதுலாவுக்குப் புதன் முதல் ஞாயிறு வரைதான். பெர்மிட்டுக்கு முந்தின நாளே, பதிவு பெற்ற முகவர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். வண்டி ஏறும் முன் தாளில் நாதுலா என்ற பெயர் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். இடங்களின் பெயர் இல்லாத ரசீதை வாங்காதீர்கள்.

அந்த விசிட்டிங் கார்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. சிக்கிம் சுற்றுலாத் துறைக்குப் புகார் அனுப்புகிறேன். 18,500 ரூபாயை விடப்போவதில்லை.