கைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு: ஸ்டென்டா, பைபாஸா?

கழுத்தெலும்புக்கு அடியில் ஓடிக் கைக்கு ரத்தம் கொண்டுபோவது சப்கிளேவியன் தமனி. அது சுருங்கினால் இரண்டு வழி. தொடையிலோ கையிலோ மெல்லிய குழாய் நுழைத்து, பலூனால் விரித்து ஸ்டென்ட் வைக்கலாம். இல்லையென்றால் கழுத்துத் தமனியிலிருந்து செயற்கைக் குழாய் இணைத்து பைபாஸ் செய்யலாம். அப்பாவுக்கு நாங்கள் ஸ்டென்ட் வைத்தோம். என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

ஸ்கேனில் மட்டும் தெரிகிற, தொந்தரவு தராத சுருக்கத்துக்குப் பெரும்பாலும் இரண்டுமே தேவையில்லை. மாத்திரை, புகையை விடுவது, அவ்வளவுதான். அப்பாவுக்கோ இடது கையால் பரணில் பாத்திரம் எடுத்தாலே தலை சுற்றும். கைக்கு ரத்தம் போதாதபோது, பின்மூளைக்குப் போகவேண்டிய ரத்தம் திரும்பிக் கைக்கு இறங்கிவிடும். சப்கிளேவியனிலிருந்தே கிளைத்து நெஞ்சுக்குள் இறங்கும் இடது தமனியை வைத்து ஏற்கெனவே இதய பைபாஸ் செய்தவர்களுக்கு இதே சுருக்கத்தால் நெஞ்சுவலியே வரலாம்.

ஸ்டென்டுக்குப் பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி போதும், ஓரிரு நாளில் வீடு. பைபாஸுக்கு முழு மயக்கம், கழுத்தில் வெட்டு, அருகிலுள்ள நரம்புகளுக்கு ஆபத்து. ஸ்டென்டிலும் பக்கவாத அபாயம் சிறிதளவு உண்டு.

எங்களை முடிவெடுக்க வைத்தது பிற்காலப் பராமரிப்புதான். ஸ்டென்ட் மறுபடி சுருங்கலாம். சுருங்கினால் பெரும்பாலும் பலூனாலேயே திரும்ப விரிக்கலாம்; பைபாஸ் அடைத்தால் தழும்பேறிய கழுத்தை மறுபடி திறக்க நேரலாம். கண்காணிப்பதும் சுலபம். அப்பாவுக்கு முன்பு வலது கையில் பிரஷர் 150, இடதில் 110. இப்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. மாதம் ஒருமுறை இரண்டு கையிலும் பார்க்கிறோம்; இடைவெளி கூடினால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன். பிரஷர் மாத்திரையின் அளவைக் கூடுதல் காட்டும் கையை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் ஆரம்பத்தில் சேர்த்து, அப்புறம் வழக்கமாக ஒன்று மட்டும். பல் பிடுங்கப் போனாலும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

முழுதாக அடைத்த குழாயில் ஸ்டென்டுக்கு வழிகாட்டும் கம்பி நுழையாமல் போகலாம். அங்கே பைபாஸ்தான் கைகொடுக்கும். நீண்ட காலம் திறந்திருப்பதிலும் அதற்கு நல்ல பெயர். வயது குறைந்தவராக இருந்தால் நானும் யோசித்திருப்பேன். ரத்தக்குழாயின் சுவரே அழற்சியால் வீங்கும், இளம்பெண்களுக்கு அதிகம் வரும் டகாயாசு நோய் கதையே வேறு. அழற்சியை மருந்தால் அடக்காமல் எதைச் செய்தாலும் மறுபடி சுருங்கும் வாய்ப்பு அதிகம். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இத்தகைய அழற்சி நோய்களைக் கவனிக்கும் ரூமட்டாலஜி மருத்துவரை.