கேசியோ 991இஎஸ் பிளஸ்: அந்த அடைப்புக்குறியைப் பற்றி

திருப்பாதிரிப்புலியூரில் வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பகாக் காரணிப் பாடத்துக்கென்றே மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்டேஷனரி கடையில் கேசியோ எப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ் கால்குலேட்டர் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. சோலார், பட்டன் பேட்டரி இரண்டிலும் ஓடும், பின்னமும் வர்க்கமூலமும் நோட்டில் எழுதுவது போலவே திரையில் தெரியும், இதெல்லாம் எல்லாரும் சொல்லியாகிவிட்டது. நான் சொல்ல வந்தது ஃபேக்ட் வசதியைப் பற்றி.

எண்ணைப் போட்டு சமம் தட்டி, அப்புறம் ஷிப்ட் அழுத்தி டிகிரி-நிமிடப் பட்டனைத் தட்டினால் பகாக் காரணிகளாகப் பிரித்துவிடும். பத்து இலக்கம் வரை வாங்கும். ஆனால் அது வகுத்துப் பார்ப்பது மூன்று இலக்கப் பகா எண்கள் வரைதான், அதற்கு மேல் பிரிக்க முடியாத மிச்சத்தை அடைப்புக்குறிக்குள் போட்டுவிடும். கையேட்டிலேயே இது இருக்கிறது, யார் படிக்கிறார்கள்?

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் 1234567890 போட்டான். 2×3²×5×(13717421) என்று வந்தது. "அப்போ கடைசி நம்பர் பகா எண்தானே சார்?" என்றான். இல்லை. அதே கால்குலேட்டரில் அதன் வர்க்கமூலம் எடுத்தோம், 3703 சொச்சம் வந்தது. அடுத்த எண் 3704-ன் வர்க்கத்திலிருந்து 13717421-ஐக் கழித்தால் 2195, அது வர்க்க எண் இல்லை. சரி, 3705? கழித்தால் 9604, அதாவது 98-ன் வர்க்கம்! அப்புறம் இரு வர்க்கங்களின் வித்தியாசம்தானே, 3705-லிருந்து 98-ஐக் கழித்தால் 3607, கூட்டினால் 3803, இரண்டையும் பெருக்கினால் 13717421. இரண்டாவது முயற்சியிலேயே எண் உடைந்ததைப் பார்த்து அவன் முகம் மலர்ந்ததே, அதற்கே கொடுத்த காசு தகும். பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மாவின் வழி இது. எல்லா எண்ணும் இப்படிச் சீக்கிரம் மசியாது, இங்கே இரண்டு காரணிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் கிடைத்தது.

அதே ஃபெர்மா, 2-ன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வரும் 4294967297 ஒரு பகா எண் என்று நம்பினார். அதை 641 மீதியின்றி வகுக்கும் என்று 1732-ல் ஆய்லர் என்ற கணிதர் காட்டினார். கால்குலேட்டர் 641×(6700417) என்று ஒரு நொடியில் கொடுக்கிறது, இந்தத் தடவை அடைப்புக்குறிக்குள் இருப்பது உண்மையிலேயே பகா எண். 2147483647 போட்டால் முழு எண்ணையும் அடைப்புக்குறிக்குள் வைத்துத் திருப்பிக் கொடுக்கும், அதுவும் பகா எண்தான், 1772-ல் ஆய்லர் நிறுவியது. ஆக அடைப்புக்குறிக்கு "இதற்கு மேல் நான் பார்க்கவில்லை" என்பது மட்டுமே பொருள், பகா எண் என்றும் இல்லை, பகு எண் என்றும் இல்லை.

விலை ஆயிரத்தைத் தாண்டும், வெறும் கூட்டல் பெருக்கலுக்கு இது வேண்டாம். எண்களில் ஆசை உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். வாங்கியதும் முதலில் 1018081 போட்டு ஃபேக்ட் தட்டச் சொல்லுங்கள். அப்படியே அடைப்புக்குறிக்குள் நிற்கும். பிறகு வர்க்கமூலம் எடுக்கச் சொல்லுங்கள், 1009 வரும்.