எம்பிபிஎஸ் கணக்குக்கு யூனிட்ஸ்: பத்து வருடத்துக்கு மேல் பழகிய அனுபவம்

தமிழில் எழுதினால் டாக்டர் படிப்பும் லைன் வேகமும் ஒன்றுதான்: எம்பிபிஎஸ். நான் சொல்வது இரண்டாவதை, அதாவது வினாடிக்கு எத்தனை மெகாபிட் என்பதை. அந்தக் கணக்குக்கு நான் வைத்திருப்பது யூனிட்ஸ் என்ற, அளவைகளை மாற்றிக் கொடுக்கும் மென்பொருள். மன்னார்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய டிஸ்கிலிருந்து டேட்டாவை மீட்பதும் லீஸ்டு லைன் (அலுவலகங்கள் வாடகைக்கு எடுக்கும் தனி டேட்டா லைன்) கோளாறு பார்ப்பதும் ஒரே மேஜையில் நடக்கும். டிஸ்கின் அளவைச் சொல்வது பைட்டில், லைன் வேகத்தைச் சொல்வது பிட்டில்; எட்டு பிட் ஒரு பைட். அதனால் பைட்டை பிட்டாக்குவதும் பிட்டை பைட்டாக்குவதும் அன்றாட வேலை.

2013-ல் வாங்கிய அடியில்தான் இந்தக் கதை ஆரம்பம். ஓர் அலுவலகத்தின் 40 ஜிபி பழைய ஐடிஇ வகை டிஸ்கை அப்படியே சென்னைக்கு அனுப்ப வேண்டும். "2 எம்பி லைன் இருக்கு சார்" என்றார்கள். வினாடிக்கு 2 மெகாபைட், மொத்தம் 20,000 வினாடி, அஞ்சரை மணி நேரம் என்று மனக்கணக்குப் போட்டு, ராத்திரிக்குள் முடிந்துவிடும் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தது, ஞாயிறு காலையில் மூன்றில் ஒரு பங்குகூடத் தாண்டவில்லை.

அந்த '2 எம்பி' உண்மையில் ஈ1 என்ற வகை லீஸ்டு லைன். வினாடிக்கு 64 கிலோபிட் வீதம் 32 ஸ்லாட் (பங்கு), ஆக 2.048 மெகாபிட். அதில் ஒரு ஸ்லாட் ஒத்திசைவுக்கே போய்விடும். மீதி 31 ஸ்லாட்டை எட்டால் வகுத்தால் வினாடிக்கு 248 கிலோபைட்தான். 40 ஜிபிக்குக் கிட்டத்தட்ட 45 மணி நேரம்! கடைசியில் டிஸ்கைத் துணியில் சுற்றி, மன்னை எக்ஸ்பிரஸில் பையனை அனுப்பினேன். எல்லாம் சேர்த்து எட்டு மணி நேரம் என்று வைத்தாலும் அந்த ரயிலின் வேகம் வினாடிக்கு 11 மெகாபிட். அதாவது ஐந்து ஈ1 லைனுக்கு மேல்.

அப்புறம்தான் லினக்ஸ் லேப்டாப்பில் குனூ யூனிட்ஸைப் போட்டேன். படமும் இல்லை, பட்டனும் இல்லை. கருப்புத் திரையில் உன்னிடம் என்ன இருக்கிறது, உனக்கு என்ன வேண்டும் என்று இரண்டு கேள்வி கேட்கும். 2.048 மெகாபிட் பர் செகண்ட் என்று கொடுத்து மெகாபைட் கேட்டால் 0.256 என்று சொல்லும். நெட் தேவையில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஊரே இருட்டில் கிடந்தபோது ஜெனரேட்டரில் சார்ஜ் போட்ட லேப்டாப்பில் இது பாட்டுக்கு ஓடியது.

எனக்கு ரொம்பப் பிடித்தது, சொந்த அளவைகளை ஒரு ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்பது. ஈ1, 155.52 மெகாபிட் எஸ்டிஎம்-1 லைன், சிடி டிரைவின் 1எக்ஸ் வேகம் (வினாடிக்கு 153,600 பைட்) எல்லாம் அதில் ஏறிவிட்டன. அதோடு 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்ற நில அளவையும். பெரியப்பா கடைக்கு வந்தபோது இந்த பிட்டு, பைட்டு எல்லாம் என்னடா என்றார். விளக்கினேன். "மேட்டூர்ல பதினொன்றரை ஆயிரம் கன அடி விட்டா ஒரு நாளைக்கு ஒரு டிஎம்சி. டிஸ்க் அணை, லைன் வாய்க்கால், அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டு டீயைக் குடிக்க ஆரம்பித்தார். அன்றைக்கே டிஎம்சியையும் (நூறு கோடி கன அடி) சேர்த்தேன். ஒரு நாளைக்கு 1 டிஎம்சி என்று போட்டால் வினாடிக்கு 11,574 கன அடி வருகிறது. பெரியப்பா கணக்கு சரிதான்.

குறைகளும் உண்டு. சின்ன எம் போட்டால் மில்லி, பெரிய எம் போட்டால் மெகா. கை தவறி சின்னதைப் போட்டு 2.56-க்குப் பின்னால் மைனஸ் 10 (பத்தின் அடுக்கு, அதாவது மிக மிகச் சின்ன எண்) என்று வந்த விடையைப் பார்த்து விழித்திருக்கிறேன். இப்போதெல்லாம் மெகாபிட் என்று முழுசாகவே அடிக்கிறேன். கிலோபைட்டுக்கு இது 1000 என்றே கணக்கு வைக்கும். 1024 வேண்டுமென்றால் கிபிபைட் என்று தனியாகக் கேட்க வேண்டும். 256 கிலோபைட் என்று நான் சொல்ல, விண்டோஸில் 250 என்று தெரிய, ஆறு எங்கே போச்சு என்று சண்டைக்கு வந்த கஸ்டமரும் உண்டு.

கம்பிக்குள் நடப்பதும் இதற்குத் தெரியாது. டிஸ்கை கம்ப்யூட்டரோடு இணைக்கும் முதல் தலைமுறை சாட்டா கேபிளின் வேகம் வினாடிக்கு 1.5 கிகாபிட். யூனிட்ஸைக் கேட்டால் 187.5 மெகாபைட் என்கும். எட்டு பிட்டை அனுப்பப் பத்து பிட் செலவாவதால் கிடைப்பது 150-தான். ரைஸ் மில் எடைமேடையின் சீரியல் போர்ட்டும் அப்படியே. வினாடிக்கு 9600 பிட் என்று செட் செய்தால் ஸ்டார்ட், ஸ்டாப் பிட் போக வினாடிக்கு 960 எழுத்துதான், 1200 இல்லை. இந்த இரண்டுக்கும் பத்தால் வகுக்கும் தனி வரி எழுதி வைத்திருக்கிறேன்.

உபுண்டு, டெபியனில் யூனிட்ஸ் என்ற பெயரிலேயே பேக்கேஜ் இருக்கிறது. காசு கிடையாது. டிஸ்கிலிருந்து லைனுக்கு என்று யார் கேட்டாலும் இப்போது இதில் பார்க்காமல் நேரம் சொல்வதில்லை. பார்த்த பிறகும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன்.