படுக்கை நனைக்கும் பிள்ளைக்கு டெஸ்மோபிரெசின்: நாக்கடி வில்லையா, மாத்திரையா, மூக்கு ஸ்ப்ரேயா?

மூன்றிலும் மருந்து ஒன்றுதான். உடலில் சுரந்து சிறுநீரைக் குறைக்கும் வாசோபிரெசின் என்ற ஹார்மோனைச் சற்று மாற்றிச் செய்தது இது. அந்த ஹார்மோன் ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்டது. எட்டாவது இடத்தில் ஆர்ஜினின். டெஸ்மோபிரெசினில் அந்த ஆர்ஜினினை அதன் கண்ணாடிப் பிம்பமான டி-ஆர்ஜினினாக மாற்றி, முதல் இடத்து அமினோ தொகுதியையும் நீக்கியிருக்கிறார்கள். ரத்தக் குழாயை இறுக்கும் குணம் அநேகமாகப் போய்விடுகிறது. சிறுநீரைக் குறைக்கும் குணம் தங்குகிறது. இயற்கை ஹார்மோன் நிமிடக் கணக்கில் சிதையும், இதுவோ இரவு முழுக்கத் தாங்கும்.

ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. மருந்து தாங்கும் நேரத்தில் குடித்த தண்ணீர் வெளியேறாமல் ரத்தத்தில் சோடியம் இறங்கும்: தலைவலி, குமட்டல், வாந்தி, முற்றினால் வலிப்பு.

ஸ்ப்ரே வேண்டாம். மூக்கடைப்பு இருந்தால் உள்ளே போகும் அளவு மாறும். வலிப்பு வந்த பிள்ளைகளைப் பார்த்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, 2007இல் படுக்கை நனைத்தலுக்கு மூக்கு வழியை விலக்கியது.

மாத்திரையா, வில்லையா என்றால் எங்கள் தேர்வு வில்லை. நாக்கடியில் தானே கரையும், தண்ணீர் தேவையில்லை. மாத்திரைக்கு ஒரு மடக்காவது வேண்டும். எண்ணெய் மிதக்கும் இரவுச் சாப்பாடு அது உறிஞ்சப்படுவதையும் குறைக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது எண்ணில் ஏமாறாதீர்கள். 0.2 மில்லிகிராம் மாத்திரை, அதாவது 200 மைக்ரோகிராம், 120 மைக்ரோகிராம் வில்லைக்குச் சமம். 240 மைக்ரோகிராம் வில்லையைக் கிட்டத்தட்ட அதே அளவு என்று நினைத்துக் கொடுத்தால் இரட்டிப்பாகிவிடும். வில்லையை அட்டையிலிருந்து அழுத்தித் தள்ளினால் நொறுங்கும். தாளை உரித்து, ஈரமில்லாத விரலால் எடுங்கள். சிங்கப்பூர் ஈரக்காற்றில் முன்கூட்டியே உரித்து வைக்காதீர்கள்.

எதைக் கொடுத்தாலும், ஒரு மணி நேரம் முன்பிருந்து எட்டு மணி நேரம் பின்பு வரை தாகத்துக்கு ஓரிரு மடக்குதான். ராத்திரி ஐஸ் மைலோ கூடாது. மாலை நீச்சல் வகுப்பில் விழுங்கும் தண்ணீரும் கணக்கில் சேரும். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் அன்று மருந்தை நிறுத்துங்கள். வலி, காய்ச்சலுக்கான ஐபுபுரூஃபென் கொடுப்பதாக இருந்தால் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். அதுவும் நீரைத் தேக்கும்.

டாக்டர் சீட்டு இல்லாமல் இங்கே இது கிடைக்காது. வழக்கமாக 120 மைக்ரோகிராம் வில்லையில் தொடங்குவார்கள். ஓரிரு வாரத்தில் பலன் போதாவிட்டால் 240 மைக்ரோகிராம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரமாவது நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்த வாரத்தில் படுக்கை மறுபடி நனைந்தால், ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரப் பயிற்சியைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.