விடுதியா, உறவினர் வீடா? வன்னியிலிருந்து இலண்டன் செல்லும் மாணவருக்கு

கிளிநொச்சியிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ இலண்டனுக்குப் படிக்கச் செல்லும் பிள்ளைக்கு, ஹரோவிலோ டூட்டிங்கிலோ ஒரு சித்தப்பாவோ மாமியோ இருந்துவிட்டால், எங்கே தங்குவது என்ற கேள்வி வீட்டில் எழுவதே இல்லை. ஆனால் அது கட்டாயம் எழ வேண்டிய கேள்வி.

உறவினர் வீட்டில் வாடகை மிச்சமாகும். காய்ச்சல் வந்தால் பார்க்க ஆள் இருக்கும். மாணவர் விசாவில் பட்டப்படிப்புக்குச் செல்வோர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலங்களுக்கு மேல் வேலை செய்ய முடியாது என்பதால், காணியை ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்பிய குடும்பத்துக்கு இந்த மிச்சம் பெரியது.

விடுதியின் நன்மை வேறு வகையானது. செப்டெம்பர் இறுதியையொட்டிப் புதுமுக மாணவர் வாரம் நடக்கும்போது அங்கே எல்லோருமே புதியவர்கள். பொதுச் சமையலறையில் பருப்பு அவியும் நேரத்துக்குள்ளேயே நைஜீரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தவர்களோடு பேச்சுத் தொடங்கிவிடும். ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம், வகுப்பில் கேள்வி கேட்கும் துணிவையும் தரும். உறவினர் வீட்டில் இருப்பவரோ விரிவுரை முடிந்ததும் ரயிலைப் பிடிக்க ஓடுவார். டிசெம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும் ஊரில், நேரத்துக்கு வீடு வரச் சொல்லும் மாமியின் அக்கறையே மாணவர் சங்கக் கூட்டங்களுக்குத் தடையாகிவிடும்.

பணம் இடங்கொடுத்தால், முதலாண்டை விடுதியில் கழித்து, சனி ஞாயிறுகளில் உறவினரிடம் செல்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. இயலாதவர்கள் வாரத்தில் ஒரு மாலையையாவது, தமிழ் மாணவர் சங்கத்துக்கு மட்டுமன்றி வேறொரு சங்கத்துக்கும் ஒதுக்க வேண்டும். விடுதி விண்ணப்பத்துக்கு முடிவுத் திகதி உண்டு; ஆகவே விசா கைக்கு வரும்வரை இந்தத் தெரிவைத் தள்ளிப்போடக் கூடாது.